ஆயாவின் சும்மாடு

எங்கள் ஆயாவுக்கு மூன்று ஊர்கள் இருந்தன. நிலமில்லை, பட்டாவில்லை, ஆனாலும் அவள் ஊர்கள்தான். கடப்பாக்கத்துக் கரையில் கட்டுமரம் வந்து ஒதுங்கினதும் மீனை வாங்கிக் கூடையில் அடுக்கி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, செய்யூர்ப் பக்கம் நடந்துவிடுவாள். மீன் கூடையை அப்போதெல்லாம் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றியிருந்தாலும் ஆயா ஏறியிருக்க மாட்டாள். பஸ் ரோட்டோடு போய்விடும், என் வூடுங்க எல்லாம் உள்ளே கீது என்பாள். வாடிக்கை வீட்டை அவள் 'என் வூடு' என்றுதான் சொல்வாள்.

எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி சமைக்க மாட்டார்கள், எந்த வீட்டில் கிருத்திகை விரதம், எந்த மருமகள் முழுகாமல் இருப்பதால் மீன் வாடைக்கு வாந்தி எடுக்கிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற வீடு என்றால் பால் சுறா கிடைக்கிற அன்று அதை வேறு யாருக்கும் காட்டக்கூட மாட்டாள். அந்தத் தாய்க்குப் புட்டு செய்யப் போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். ஒருத்தி விற்கிற ஊருக்குள் இன்னொருத்தி போக மாட்டாள். நடக்க முடியாமல் போனால், தான் தலையில் வைத்த சும்மாட்டை யார் தலையில் வைக்கிறாளோ அவளுக்குத்தான் அந்த ஊர். பழைய புடவையைச் சுருட்டிக் கட்டின வளையம்தான் சும்மாடு. ஆனால் அதை வாங்கிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது.

எழுபத்து நாலாம் வருஷமோ ஐந்தோ, ஆயா கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. எனக்குப் பத்தொன்பது வயது. சின்ன வயதிலிருந்து பாதி வழி அவளோடு நடந்தவள் நான். சும்மாடு எனக்குத்தான் என்று ஊரே நினைத்தது, நானும் அந்த நினைப்பில்தான் இருந்தேன்.

ஆயா எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அவள் தலையில் வைத்தாள். அந்த அக்காவின் புருஷன் முந்தின வருஷம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. இரண்டு நாள் ஆயாவோடு பேசவில்லை. சாயங்காலமானால் அக்கா வந்து ஆயா பக்கத்தில் உட்காருவாள். மறுநாள் எங்கே போக வேண்டும், எந்த வீட்டைத் தாண்ட வேண்டும் என்று ஆயா சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொள்வேன், காதில் விழக்கூடாது என்று.

மூன்றாம் நாள், அக்காவுக்கு முன்னால் நானே கூடை நிறையக் கவலை மீனும் சங்கராவும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அவளை முந்த வேண்டும் என்று ஊர் வாசல் வழியாகப் போகாமல், வரப்பில் குறுக்கே நடந்து முதல் ஊருக்குள் நுழைந்தேன். ஆயா குரல் எனக்கு அப்படியே வரும். "மீனம்மோ" என்று இழுத்தேன். கதவெல்லாம் திறந்தது. ஒருத்தர் கையிலும் சட்டி இல்லை.

முதல் வீட்டுப் பெரியம்மா வாசலில் வந்து நின்றாள். "இன்னா பொண்ணே, காப்பு கட்டின ஊருக்குள்ள கவுச்சியத் தூக்கினு வந்துகீற? உங்க ஆயா கண்ணு தெரியாம வந்தாக்கூட இந்தத் தப்பப் பண்ணாது."

ஆடி மாசம். அவர்கள் மாரியம்மனுக்குக் காப்பு கட்டியிருந்தார்கள். திருவிழா முடிகிறவரை ஊரில் மீன் வாடையே ஆகாது. ஊர் வாசல் வழியாக வந்திருந்தால் வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்திருப்பேன். நான் திரும்பி நடக்க நடக்க, பின்னாலேயே ஒரு பெண் என் காலடியில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா அன்று நேராக இரண்டாவது ஊருக்குப் போயிருந்தாள். காப்பு கட்டினதை ஆயா முந்தின சாயங்காலமே அவளிடம் சொல்லியிருக்கிறாள். நான்தான் கொல்லையில் இருந்தேனே.

நிறைந்த கூடையோடு வந்து நின்றவளைப் பார்த்து ஆயா, "மீனு இன்னா பாவம் பண்ணுச்சு, கீறி உப்புல போடு" என்றாள். நான் அரிவாள்மனையில் உட்கார்ந்து பாதி மீன் கீறின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உனக்கு நைனா கீறாரு. நாளைக்கு நீ கட்டிக்கினு போற வூட்ல கட்டுமரம் கீது. அவளுக்கு இன்னா கீது, சொல்லு."

நான் அடுத்த மீனை எடுத்துக் கீறினேன். அன்றைக்கே கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். மாசக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

தை மாசம் என் கல்யாணத்தை ஆயா படுத்தபடியே பார்த்தாள். மாசி பிறந்ததும் போய்ச் சேர்ந்தாள்.

ஆயாவை எடுத்த ஐந்தாம் நாள் அக்கா கூடையைத் தூக்கினாள். அவளுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே. உச்சிப் பொழுதுகூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டாள். நான் நைனா வீட்டு வாசலில் இருந்தேன். கூடை நிறைய மீன், போட்ட சாக்கு போட்டபடி. நாம் பண்ணின தப்பை இவளும் பண்ணிவிட்டாளா என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்புகூட வந்தது.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "முதல் வூட்லயே நிறுத்திட்டாங்க. ஆயா கருமாதி முடியறவரைக்கும் எங்க தெருவுல கவுச்சி இல்ல, அப்புறமா வான்னு அனுப்பிட்டாங்க."

அவர்கள் எங்கள் சாதியில்லை, எங்கள் கரையில்லை. ஆயா அந்தத் தெருவில் ஒரு வாய் சோறு தின்றதில்லை. எங்கள் சொந்தத்திலேயே மூன்றாம் நாள் மீன் குழம்பு வைத்த வீடு எனக்குத் தெரியும்.

அக்கா சும்மாட்டை உதறி, ஆயா மாட்டுகிற ஆணியிலேயே மாட்டினாள். நான் போய் அரிவாள்மனையை எடுத்து வந்து போட்டு உட்கார்ந்தேன். உப்புப் பானை எங்கே என்று கேட்காமல் அவளே போய்த் தூக்கி வந்தாள்.