டாங்கோவுக்கு ஒரு பம்ப், சவுனாவுக்கு ஒரு பம்ப்

ரைலி ஹூத்தினேனின் பழைய இன்சுலின் பம்ப் அந்தக் கோடையில் காரணமே இல்லாமல் கத்த ஆரம்பித்தது. யாருக்காவது பாதித் தலைக்குச் சாயம் பூசியிருப்பாள், இடுப்பிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். எடுத்துப் பார்த்தால் எல்லாம் நலம் என்று திரை சொல்லும். நலமாக இருப்பதற்கு எதற்கு இந்தக் கூப்பாடு என்று அவள் அதைத் திட்டிவிட்டு மறுபடி தலைக்குத் திரும்புவாள். மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் மிர்வா, அதற்கு வயதாகிவிட்டது, வேறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றாள். செலவை அரசு பார்த்துக்கொள்ளும். ஆனால் எடுத்தால் எடுத்ததுதான். நான்கு வருடத்துக்கு அதோடுதான் குடித்தனம்.

ரைலிக்கு ஒன்பது வயதில் வந்த சர்க்கரை. பின்லாந்தில் இது ஒரு சேதியே இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் பார்த்தாலும் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை ஒன்று இருக்கும். அம்மா கண்ணாடி ஊசியைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்த காலத்திலிருந்து அவள் இதைப் பார்த்துவிட்டாள். சாவோ வட்டாரத்துச் சின்ன ஊர் ஒன்றில் முடி திருத்தும் கடை போட்டாள். ஒரு கல்யாணம் செய்துகொண்டு, அதிலிருந்து பெரிய சேதமில்லாமல் வெளியே வந்தாள். சர்க்கரையை வாடகை தராத, வாய் நீண்ட குடித்தனக்காரரைப் போல நடத்தப் பழகிக்கொண்டாள். விரட்ட முடியாது, அதற்காக அவர் சொல்வதற்கெல்லாம் ஆடவும் முடியாது.

மிர்வா மேசைமேல் இரண்டு பம்புகளை வைத்தாள். ஒன்று பழையதைப் போலவே குழாய் வைத்தது. சின்னப் பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும், மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுக்குப் போகும். வேண்டாத நேரத்தில் கழற்றி வைத்துவிடலாம். இன்னொன்றுக்குக் குழாயே கிடையாது. பாதி முட்டை மாதிரி இருக்கும். கையில் ஒட்டிக்கொண்டால் மூன்று நாள் அங்கேயே கிடக்கும். சட்டைக்குள் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நடுவில் கழற்ற வழியில்லை. சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குள் போனால் அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் இன்சுலின் கெட்டுப்போகும்.

இங்கேதான் ரைலிக்குச் சிக்கல். அவளுடைய உயிர் இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டும் சனிக்கிழமையில் இருந்தது. மத்தியானம் சவுனா. கல்லில் தண்ணீரை ஊற்றி, மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து, காது மடல் எரிகிற வரைக்கும் இறங்காமல் இருப்பது. சாயங்காலம் ஒரு மணி நேரம் காரில் போனால் ஏரிக்கரை நடனக் கொட்டகை, டாங்கோ ஆட்டம். அங்கே அவளுடைய சர்க்கரை யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. முன்பு வேறொரு கொட்டகையில் ஓர் ஆளின் கை இடுப்புப் பெட்டியில் பட்டு, அவர் கேட்டு, அவளும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த மனிதர் அவளை முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல ஆட்டுவித்தார். பாட்டுக்கு நாலு தரம், தலை சுற்றுகிறதா என்று கேட்டார். அடுத்த வாரம் அவருடைய நண்பர்களும் கேட்டார்கள். ரைலி கொட்டகையையே மாற்றிக்கொண்டாள்.

ஆகவே மனசு குழாயில்லாத பக்கமே சாய்ந்தது. மனசு சாய்ந்ததே தவிர சவுனாவை விட்டுவிட மனசு வரவில்லை. யோசனை கேட்கலாமென்றால், சாவோக்காரர்களிடம் நேரான பதிலை வாங்குவது நடக்கிற காரியமா? வாடிக்கைக்காரர்கள் எல்லாரும், குழாய் வைத்ததும் நன்றாகத்தான் இருக்கும், இல்லாததும் நன்றாகத்தான் இருக்கும், இருக்காமலும் போகலாம் என்று சொல்லிவிட்டு முடியை வெட்டிக்கொண்டு போனார்கள். அவளுடைய அக்கா கெர்த்து மட்டும் விதிவிலக்கு. தலைநகரத்தில் நெடுநாள் வேலை பார்த்து, பட்டென்று பேசக் கற்றுக் கெட்டுப்போனவள்.

"ஏண்டி, மூணு நிமிஷ டாங்கோவுக்காக ஆயுசுக்கும் சவுனாவ விடுறேங்கிற. உனக்குச் சக்கரை ரத்தத்துலயா, மூளையிலயா?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் இரண்டையும் போட்டுப் பாருங்கள் என்று மிர்வா உப்புத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். நிஜமான மருந்து பழைய பம்பிலேயே போய்க்கொண்டிருக்கும். புதியது இரண்டும் சும்மா ஒத்திகைக்கு. அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை ரைலி மூன்று இயந்திரங்களைச் சுமந்துகொண்டு சவுனாவுக்குப் போனாள். குழாய் வைத்த இரண்டையும் கழற்றி வெளியே வைத்தாள். கையில் ஒட்டியதன்மேல் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு, கீழ்ப் பலகையில், வெளியே துரத்தப்பட்ட நாயைப் போல உட்கார்ந்தாள். கெர்த்து மேலே இருந்து சிரித்த சிரிப்பில் தண்ணீர் வாளி கவிழ்ந்தது. பிறகு நேரமாகிவிட்டதென்று அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ரவிக்கையை இழுத்து விட்டுக்கொண்டாள். உள்ளே இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததை அவள் பார்க்கவில்லை.

கொட்டகையில் வாத்தியக்காரர்கள் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். வெயில் ஏரியின்மேல் இன்னும் பளபளவென்று நின்றது. முதல் ஆளாக வந்து குனிந்து அழைத்தார் உந்தோ ரேசனென். ஏரியில் ஃபெர்ரிப் படகு ஓட்டுகிறவர், மனைவி இறந்து பல காலமாயிற்று. மூன்று கோடையாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளை அழைப்பார். இரண்டு பாட்டு ஆடுவார், இருவருக்கும் நடுவில் ஒரு கையகலம் இடம் விடுவார், முடிந்ததும் அவளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டு நன்றி சொல்வார். அதுதான் அங்கே முறை. இரண்டு பாட்டு ஆடினால் மரியாதை. மூன்றாவது ஆடினால் பெஞ்சு வரிசையில் தலைகள் திரும்பும். நான்காவதும் ஆடினால் கல்யாணத்துக்கு எந்தச் சட்டை போடலாமென்று யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

இரண்டாவது பாட்டு டாங்கோ. நடுவில் ஒரு திருப்பம், ரைலியின் வயிற்றில் சுருக்கென்று ஓர் இழுப்பு. ரவிக்கைக்கு வெளியே ஒரு குழாய் வளையமாக வந்து, உந்தோவின் கால்சட்டையைத் தாங்கும் தோள்வாரின் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. எந்தக் குழாய்? உப்புத் தண்ணீர்க் குழாய் என்றால் போனால் போகட்டும் என்று பிடுங்கிவிடலாம். நிஜக் குழாய் என்றால் மருந்து நின்றுபோகும். குனிந்து பார்க்கவும் முடியாது. ஒரே வழி, கிளிப்பை விட்டு விலகாமல் இருப்பது. ரைலி உந்தோவின் மார்போடு ஒட்டிக்கொண்டாள். மூன்று கோடையாகக் காப்பாற்றிய கையகலம் ஒரு நொடியில் காணாமல் போனதில் பாவம் அந்த மனிதர் தாளத்தையே தவறவிட்டார்.

பாட்டு முடிந்தது. உந்தோ முறைப்படி விலகப் பார்த்தார். ரைலி விடவில்லை. மூன்றாவது பாட்டு ஆரம்பமாயிற்று, பெஞ்சு வரிசையில் தலைகள் திரும்பின. கூட வந்திருந்த கெர்த்து காபிக் கோப்பையை வாய்வரை கொண்டுபோய் அப்படியே பிடித்திருந்தாள். உந்தோவின் காது சிவந்து போயிருந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று ரைலி அவர் காதோரம் எல்லாவற்றையும் கொட்டினாள். சர்க்கரை, ஒன்பது வயது, பம்ப், இரண்டு குழாய், ஒரு கிளிப். ஆயிற்று, இந்தக் கொட்டகையும் போயிற்று, இவரும் இனித் தலை சுற்றுகிறதா என்றுதான் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள்.

"அப்படியா," என்றார் உந்தோ. கொஞ்ச தூரம் ஆடிய பிறகு, "நான் வேற என்னமோ நெனச்சேன்," என்றார்.

அவர் ஒரு கையால் கிளிப்பைத் துழாவிப் பார்த்தார். ஃபெர்ரிக் கயிற்றைப் பிடித்துத் தடித்த விரல்களுக்கு அது அகப்படவில்லை. அதற்குள் நான்காவது பாட்டு வந்துவிட்டது, அதுவும் துள்ளுகிற ஹும்ப்பா. தளத்தின் நடுவில் நின்றால் பின்னால் வருகிற ஜோடிகள் இடித்துத் தள்ளிவிடுவார்கள். உந்தோ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கெட்டியா பிடிச்சுக்குவீங்களா? பிறகு வழக்கம்போல முழு வேகத்தில் சுழற்றினார். வேகத்தைக் கடுகளவுகூடக் குறைக்கவில்லை. கொட்டகையின் தூண்களும் ஏரியும் பெஞ்சு வரிசைப் பெண்களின் திறந்த வாய்களும் ரைலியைச் சுற்றி ஓடின. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முட்டைக் கூடையாவது ஒன்றாவது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

பாட்டு முடிந்ததும் இருவரும் ஒட்டியபடியே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து, வெளியே ஏரியைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கெர்த்து காபிக் கடையிலிருந்து ஒரு கத்தரிக்கோலோடு ஓடிவந்து, எதை வெட்டவேண்டும் என்று கேட்டாள். தோள்வாரை வெட்டினால் கால்சட்டை நிற்காது என்று உந்தோ கவலையோடு சொன்னார். கடைசியில் ரைலியே குனிந்து கிளிப்பிலிருந்து குழாயை விடுவித்தாள். அது எங்கே போகிறதென்று விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தாள். உப்புத் தண்ணீர்க் குழாய். முதலிலேயே பிடுங்கி எறிந்திருக்கலாம். ஊர் பார்க்க நான்கு பாட்டு ஆடியது ஒரு துளி உப்புத் தண்ணீருக்காக. கெர்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உந்தோ சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதோட சவுனாவுக்கு எப்படிப் போவீங்க?"

இதைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டுப் போகலாம், கையில் இருப்பதை அப்படிச் செய்ய முடியாது, இரண்டில் எது என்று திங்கட்கிழமை நர்ஸிடம் சொல்லவேண்டும் என்றாள் ரைலி. அவர் பெட்டியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க சவுனா வாசல்ல ஒரே ஒரு கொக்கிதான் இருக்கு," என்றார் பிறகு. "இன்னொண்ணு அடிக்கலாம். அடிக்காமலும் இருக்கலாம்."

இதைவிட வெளிப்படையாக ஒரு சாவோக்காரர் பேசினால் வீட்டார் வைத்தியரை வரவழைத்துவிடுவார்கள். ரைலிக்கு இதயம் ஹும்ப்பா தாளத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. அவள் ரவிக்கைக் கையைச் சுருட்டி, தோளுக்குக் கீழே ஒட்டியிருந்த பாதி முட்டையை ஒரே இழுப்பில் உரித்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். உரித்த இடம் நன்றாகவே வலித்தது.

"குழாய் வச்சதுதான் எடுக்கப் போறேன்," என்றாள். "கொக்கிய என் தோள் உயரத்துக்கு அடிங்க."