வாலில்லாத பூனையும் லோரி நம்பரும்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கம்போங் மேடான் ஃபிளாட்டில் எட்டாவது மாடியில் இருந்தோம். காலையில் எழுந்ததும் கனவைச் சொல்லுவாள். எங்கள் படிக்கட்டில் திரியும் வாலில்லாத பூனை, கனவில் மாடு அளவு பெரிதாகிவிடுமாம். இவளை முதுகில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் ஆற்றுக்கு மேலே பறக்குமாம். ஆறு முடியும் இடத்தில் ஒரு கோட்டை. உலகத்தில் உள்ள கெட்ட கனவுகளை எல்லாம் அங்கே அறை அறையாக அடைத்து வைத்திருக்கிறார்கள். தப்பி வந்த கனவைப் பிடித்து, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதுதான் இவர்கள் இரண்டு பேருக்கும் வேலை. நான் சோறு கட்டிக்கொண்டே கேட்பேன்.

ஒருநாள் ஒரு கதவில் நம்பர் இருந்தது என்றாள். என் வீட்டுக்காரர் போய் அந்த நாலு இலக்க நம்பரை லாட்டரிக் கடையில் எடுத்தார். இங்கே மலேசியாவில் கனவில் பாம்பு வந்தாலும் லாட்டரி நம்பர்தான், செத்தவர் வந்தாலும் நம்பர்தான். அவர் எடுத்த நம்பர் அடித்தது. சின்னப் பரிசு.

அதற்குப் பிறகு அவள் கண் திறக்கும் முன்பே கேள்வி வந்துவிடும். பக்கத்து வீட்டு அண்ணனும் வாசலில் நிற்பார்.

"பாப்பா, பூன இன்னைக்கு என்னா நம்பர் குடுத்துச்சு?"

"பூன நம்பர்லாம் குடுக்காது அங்கிள். அது பூன."

"அப்பன் மாதிரியே பதுக்குறா பாரு லா."

ஒரு காலை அழுதுகொண்டே எழுந்தாள். கதவைச் சாத்துவதற்குள் ஒரு கனவு வெளியே ஓடிவிட்டதாம். அதில் நான் வேலைக்குப் போக ரோட்டைத் தாண்டுகிறேன். லோரி என்னை அடித்துப் போட்டுவிடுகிறது.

என் வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார்.

"லோரி நம்பர் பாத்தியாம்மா?"

என் கையில் தேத்தண்ணி கிளாஸ் இருந்தது. குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எதிரில்தான் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் கஞ்சி வைப்பார்.

மகள் தேம்பிக்கொண்டே நம்பரைச் சொன்னாள். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அண்ணன் அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார். நான் வேலைக்குப் போனேன். அதே ரோடு.

சாயங்காலம் ரிசல்ட் வரும் நேரம். மகள் சோற்றைத் தொடவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கைப்பேசியில் தேடிப் பார்த்தார்.

"ஒன்னும் அடிக்கல."

மகள் துள்ளி எழுந்து கைதட்டினாள்.

"ஏன் பிள்ள, அப்பாவுக்கு அடிக்கலன்னா உனக்குச் சிரிப்பா?"

"போன தடவ கனவுல வந்த நம்பர் நெசமாயிருச்சுல்லப்பா. இதுவும் அடிச்சா அம்மா நெசமாவே செத்துருவாங்க. இப்ப சாக மாட்டாங்க."

காலையிலிருந்து இதைச் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலை அண்ணன் வந்தார்.

"என்னா கனவு பாப்பா?"

என் வீட்டுக்காரர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார். "அவளுக்குக் கனவே வர்றதில்லண்ணே."

அண்ணன் போனதும் மகள் மெதுவாக, "வந்துச்சுப்பா," என்றாள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.