தலைக்கு மேலே திம்பம் மலை

சஃபியாவுக்கு வண்டி ஆகாது. உக்கடத்தில் பஸ் ஏறினால் குறிச்சி தாண்டுவதற்குள் குமட்டிக்கொண்டு வரும். ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறுகையில் பிளாஸ்டிக் பையுமாகப் பொள்ளாச்சிக்குப் போய்த் திரும்புவதே அவளுக்குப் பெரும் பிரயாணம். அப்படிப்பட்டவளை, நாடு முழுக்க லாரி ஓட்டுகிற சிக்கந்தருக்குக் கட்டிவைத்தார்கள். கோட்டைமேட்டில் கான்கிரீட் தளம் போட்ட ஒரு சின்னத் தார்சு வீடு. முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு சேலைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பாள். அவர் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். வாரம் கழித்து வந்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்குவார். விழித்தால் மறுபடி கிளம்ப நேரமாகியிருக்கும். மகள் ஹுமேரா பிறந்து, வளர்ந்து, படித்து, பெங்களூருக்கு வேலைக்குப் போனதெல்லாம் இந்தத் தூக்கங்களுக்கு நடுவில்தான்.

போன ஆடியில், லோடுக்கு மேல் ஏறித் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது காற்றுத் தூக்கியதில் சிக்கந்தர் மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் விரிசல். நல்லவேளையாக நரம்புக்குச் சேதமில்லை. எழுந்து உட்காரவே கூடாது, நேராகப் படுத்திருந்தால் தானாகக் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் சீலிங்கைத்தான். சுவரிலிருந்த டிவி அவர் கண்ணுக்கு எட்டவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கை வலித்தது. ஒருமுறை நழுவி மூக்கின்மேலேயே விழுந்தது. அதன்பிறகு அதையும் தொடவில்லை. பேச்சும் குறைந்தது. கால் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் ரூத், "பாதத்தை மட்டும் முன்ன பின்ன அசைச்சுக்கிட்டே இருங்க ஐயா" என்று கெஞ்சுவாள். அவர் தலையாட்டுவார், பாதம் ஆடாது.

"ஏனுங்க, என்னதாங்க பாக்கறீங்க அங்க?" என்று சஃபியா ஒருநாள் கேட்டாள்.

"மழத்தண்ணி எறங்குன கறை இருக்குது பாரு. அதையத்தான்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஃபேனுக்கு அந்தப் பக்கம் வெளிறிய பழுப்பில் ஒரு கறை, ஏரி போலப் பரந்து கிடந்தது. தைக்கிற நேரமெல்லாம் அது மனசிலேயே மிதந்தது. இந்த மனுசனுக்குப் படத்தை அங்கேயே காட்ட முடியாதா?

ஹுமேரா காலேஜில் வைத்திருந்த லேப்டாப் பீரோவுக்கு மேல் கிடந்தது. கீல் ஒடிந்து, திரை கறுத்துப் போனது. சஃபியா அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுன்ஹால் பக்கம் நடந்தாள். அங்கே நவ்யா என்கிற பெண் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். திறந்து பார்த்துவிட்டு, "திரைதாங்க்கா போச்சு. உள்ள எல்லாம் உசுரோட இருக்குதுங்க" என்றாள்.

"திரையே வேண்டாங் கண்ணு. எங்கூட்டு சீலிங்தான் திரை."

நவ்யா நிமிர்ந்து பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஒடிந்த திரையைக் கழற்றிப் போட்டாள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒன்றை வைத்தாள். ஒரு டியூஷன் சென்டரில் ஓட்டிக் கழித்த புரொஜெக்டர் அவளிடம் இருந்தது. மறுநாள் மதியம் அதையும், நீள கேபிளையும், வயரில்லாத மவுஸையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

முதல் சிக்கல் சீலிங் ஃபேன். படத்துக்கு நட்டநடுவே மூன்று இறக்கைகள். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைக் கழற்றி, மேஜை ஃபேன் வைத்தார்கள். புரொஜெக்டரை மேல்நோக்கி நிமிர்த்தி, காற்றுப் போக அடியில் இடம்விட்டு இரண்டு செங்கல் மேல் நிறுத்தினார்கள். ஜன்னலுக்குக் கறுப்பு லைனிங் துணியைச் சஃபியா இரட்டையாக மடித்துக் கட்டினாள். மதிய வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது. ஹுமேராவின் பழைய ஸ்பீக்கரும் சேர்ந்துகொண்டது.

"என்னங்க போடட்டும்? சினிமாவா?" என்று கேட்டாள் நவ்யா.

சிக்கந்தர் சீலிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ரோடு இருக்குதுங்களா?"

இருந்தது. யாரோ ஒருவர் காரின் முன்கண்ணாடியில் கேமராவை மாட்டி, ஊர் ஊராகப் போன வீடியோக்கள். பேச்சில்லை, பாட்டில்லை. இஞ்சின் சத்தமும் காற்றும் மட்டும். பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும் சாலை தலைக்கு மேலே விரிந்தது. மூங்கில் புதர்கள் இருபுறமும் விலகிவிலகி ஓடின. மழைக்கறை சாலையோரத்து ஏரியாகி, எத்தனை தூரம் போனாலும் கூடவே வந்தது.

நவ்யா போனபிறகு, சஃபியா லுஹர் தொழுதுவிட்டு வந்து கட்டிலோரம் பாய் விரித்துப் படுத்தாள். கொண்டை ஊசி வளைவில் உலகமே சாய்ந்து திரும்பியது. பயந்து கண்ணை மூடினாள். குமட்டவில்லை. முதுகு தரையில் அசையாமல் கிடக்க, கண் மட்டும் மலையேறியது. நனவா தூக்கமா என்று தெரியாத அந்த மதியத்தில், வீடு மெதுவாகத் தரையை விட்டு எழுந்து போவதுபோல இருந்தது அவளுக்கு.

"இந்த எடத்துல ஹாரன் அடிக்கோணும்" என்றார் சிக்கந்தர், இருட்டிலிருந்து. "எதுக்க கரும்பு லாரி வரும். ஆனை வேற நிக்கும்."

"ஆனையா? நீங்க பாத்திருக்கீங்களா?"

"எத்தன தடவ! ஒருக்கா குட்டியோட நடுரோட்டுல நின்னுபோச்சு. லைட்ட அணைச்சுப்போட்டு உக்காந்திருந்தேன். அது தும்பிக்கையால கண்ணாடியத் தொட்டுப் பாத்துட்டுப் போச்சு."

"இத்தன வருசத்துல ஏங்கிட்டச் சொன்னதே இல்லீங்களே."

"நீ கேக்கலயே" என்றார். "நானும் தூங்கிப்போட்டேன்."

அதற்குள் மேலே ஒரு பஸ் வளைவில் திடுமென எதிர்ப்பட்டது. போர்வைக்கு அடியில் அவருடைய வலது பாதம் பிரேக்கை மிதித்தது. சஃபியா அதைப் பார்த்தாள். அடுத்த வளைவிலும் மிதித்தது.

ரூத் வந்ததும் சஃபியா வாசலிலேயே அவளை மடக்கி இதைச் சொன்னாள். ரூத் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, ஒரு தலையணையை உருட்டி அவர் பாதங்களுக்கு அணையாக வைத்தாள். "இன்னிக்கு வண்டி உங்க கையில ஐயா. வளைவு வந்தா கிளட்ச மிதிங்க."

அவர் மிதித்தார். மாதக்கணக்கில் மதியங்கள் இப்படியே போயின. வாளையார் வழியாகக் கேரளம், கோலாப்பூரின் கரும்புக் காடுகள், விடியலில் பனி மூடிய புனே. மவுஸ் அவர் நெஞ்சின்மேல் இருக்கும். "இங்க டீ நல்லாருக்கும்" என்று சாலையை நிறுத்துவார். அவள் எழுந்துபோய் டீ போட்டு வருவாள். உறிஞ்சுகுழலில் அவர் குடித்து முடித்ததும் வண்டி மறுபடி புறப்படும். தையல் வேலைகள் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போயின. சேலை கொடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் காற்றுத்தான் கேட்டது.

இடுப்புப் பட்டையோடு அவர் எழுந்து நின்றபோது குளிர்காலம். லாரி இனிமேல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை, சஃபியா பயந்த அளவுக்கு வருத்தமில்லாமல் கேட்டுக்கொண்டார். புக்கிங் ஆபீஸ் ஒன்றில் லோடு பார்த்து அனுப்புகிற வேலை கிடைத்தது. அந்தி சாய்கையில் வீடு திரும்புகிற மனிதராகிவிட்டார்.

புரொஜெக்டர் செங்கல் மேலேயே நின்றது. ஒரு ஞாயிறு மதியம் சஃபியா மவுஸை வாங்கி, தானாகவே ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளை வெளேரென்று பனி. இருபுறமும் கறுத்த மரங்கள். பலகைகளில் அவர்கள் அறியாத எழுத்து.

"இது எங்கீங்க போகுது?"

சிக்கந்தர் பக்கத்தில் பாயில் படுத்து, கைகளைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டார். "தெரியல சஃபியா. நான் போனதில்ல."

பனி ஓசையில்லாமல் அவர்கள்மேல் பெய்துகொண்டிருந்தது.