காதர் நானாவின் கடை முகவரி

காதர் நானாவின் நூலக உறுப்புரிமையைப் பறித்தவர்கள், அதைத் திருப்பித் தராமலே அவரைச் சாகவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடும் வரிசையில், வேலைக்கு நின்றபோது செய்தி வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் போட்டுவிட்டு மலையிறங்கினேன். டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. சாத்திக் கிடந்த அவருடைய துணிக்கடை முன்னால் நிற்க முடியவில்லை. நூலகம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

தோட்டத்தில் நாங்கள் போடும் இசை நாடகங்களுக்கு அவர்தான் ஆர்மோனியம். அந்த நாடகங்கள் பிறந்த புத்தகங்களை ஞாயிறுதோறும் நூலகத்தில் எங்களைக் கூட்டிவைத்துப் படித்தவரும் அவர்தான். நோட்டன் பிரிட்ஜிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் லயத்து ஆட்களுக்கு நூலக அட்டை இல்லை, டவுனில் முகவரி வேண்டும் என்றது நூலக நிர்வாகம். நானா எங்கள் எல்லோருக்கும் தம் கடை முகவரியைக் கொடுத்தார்.

ஒரு ஞாயிறு, நாடிழந்த ராணியின் கதை. மேடையில் ராணி வேஷம் எனக்கு. நானா பக்கத்தைப் புரட்டினார்.

"ஆத்தங்கரையில ராணி வாயே தொறக்கல்லியே தம்பி. நீ அரைமணி நேரம் பாடுறியே, அது எங்கேருந்து வந்த?"

"புருஷனைப் பறிகொடுத்தவ சும்மாவா நிப்பா நானா?"

"அப்ப எழுதினவருக்குக் கேக்கல்ல, உனக்குக் கேட்டிருக்கு. பாடு!"

பாடினேன். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் எழுந்துபோய் முறையிட்டார். செயலாளர் வந்து எங்கள் அட்டைகளை வாங்கிப் பார்த்தார்.

"என்ன நானா, இத்தனை பேருமா உங்க கடையில குடியிருக்காங்க?"

"ஓம், சேலை மாதிரி மடிச்சு அடுக்கி வச்சிருக்கன்."

சிரித்தது நாங்கள் மட்டும். எங்கள் அட்டைகளோடு அவருடையதையும் ரத்துச் செய்தார்கள். மன்னிப்புக் கேட்டால் அவருக்கு மட்டும் திருப்பித் தருவார்களாம்.

"இவங்க வெளியே நிக்க, நான் உள்ளுக்குப் போய் என்னத்த வாசிக்கிற?" என்றார். அதன்பின் அந்தப் படியை அவர் மிதிக்கவில்லை.

எனக்கு மிஞ்சியது "பாடு" என்ற அவருடைய ஒரு சொல். அது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

நூலகத் தலைவர், நானாவின் பெயரை உறுப்பினர் வரிசையில் திரும்பச் சேர்க்க வேண்டும். செயலாளர் எங்களுக்கு லயத்து முகவரியிலேயே அட்டை தர வேண்டும். நானாவின் மகன் ஆர்மோனியத்தைக் கொண்டுவர வேண்டும். அவரோடு உட்கார்ந்து படித்தவர்கள் இந்த ஞாயிறு நூலக வாசலுக்கு வர வேண்டும். ராணியின் பாட்டை நான் எடுப்பேன். நிறுத்தச் சொல்ல வருகிறவர், முதலில் நானா புரட்டிய அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வர வேண்டும்.