மறுத்துப் பேசிய மதியம்

போன மாசி மாதம், ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஒரு கல்லூரிக் கட்டடத்தின் மேல்மாடி. ஜன்னலுக்கு வெளியே பனி, விழுவதா வேண்டாமா என்று யோசித்தபடி காற்றில் அலைந்துகொண்டிருந்தது. உள்ளே நீண்ட மேசையின் இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என்னைப் பரீட்சிக்க வந்த இரண்டு பேர். அறை நல்ல சூடு. என் கைகள் மட்டும் குளிர்ந்து கிடந்தன.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மகள் சிறியவளாக இருந்தபோது அவுஸ்பில்டுங் எடுத்தேன். வேலையையும் படிப்பையும் ஒன்றாகக் கற்றுத் தரும் தொழிற்பயிற்சி அது. பிறகு மாலைப் பள்ளியில் நிர்வாகம் படித்து ஒரு சான்றிதழும் வாங்கினேன். இதோடு போதுமே என்றார்கள். எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ரயில் வேகம் குறைந்தாலே எழுந்து கதவருகே போய் நிற்கிற ஆள் நான். நாற்பதைத் தாண்டிய பிறகு, வேலை செய்துகொண்டே படிக்கக்கூடிய நிர்வாகப் பட்டப்படிப்பில் போய்ச் சேர்ந்தேன்.

முன்பு படித்தவற்றில் பெரும்பகுதியைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. மிச்சத்தை நான் முடிக்க வேண்டும். புள்ளிவிபரம் முடிந்தது, எப்படி என்று கேட்காதீர்கள். சட்டம் முடிந்தது. வேலை செய்யும் இடத்திலேயே ஒரு செய்முறைக் காலம், அங்கே கண்ட ஒரு சிக்கலைத் தீர்க்க ஓர் ஆய்வு, அவையும் முடிந்தன. எஞ்சியது ஒன்றே ஒன்று: கொலோக்வியும். எழுதியதற்காகப் பேராசிரியர்கள் முன் அமர்ந்து வாயால் வாதாட வேண்டும். அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

என் ஆய்வு ஒரு நாற்காலியிலிருந்து பிறந்தது. இல்லத்துக்குப் புதிதாக வருகிறவர்களைக் காலையில்தான் சேர்ப்போம். காலைதான் எல்லோருக்கும் மூச்சு விட நேரமில்லாத வேளை. ஒருநாள் ஒரு வயதான அம்மா வந்தார். கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, இல்லத்தின் உள் நடைபாதை நாற்காலியில் மதியச் சாப்பாடு வரை இருந்தார். நான் கடந்து போகும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்டார், வீட்டுக்கு எப்போது போகலாம் என்று. நானும் ஒவ்வொரு முறையும் “கொஞ்சம் பொறுங்கள்” என்றேன்.

அதன் பிறகுதான் யோசித்தேன். மதியத்துக்குப் பின் காலைப் பணியாளர்களும் மாலைப் பணியாளர்களும் வேலையைக் கைமாற்றும்போது இரண்டு குழுவும் இல்லத்தில் இருக்கும். அப்போது ஆளைச் சேர்க்கலாம். காலைக் குழுவில் ஒருவர் அரை மணி நேரம் கூடுதலாக நின்று, வந்தவரைப் பிற்பகல் கோப்பி மேசைக்கு அழைத்துப் போகலாம். ஈடாக, காலையில் அரை மணி பிந்தி வரலாம். செய்முறைக் காலத்தில் செய்தும் பார்த்தோம். நன்றாகவே நடந்தது. ஆய்வு தேறினால் இதையே நிரந்தர வழக்கமாக்கலாம் என்று எங்கள் இல்லத்தின் நிர்வாகி சொல்லியிருந்தார். ஆக, என் பட்டமும் அந்த நாற்காலியும் ஒன்றாகவே தொங்கிக்கொண்டிருந்தன.

பரீட்சையன்று காலை, உறைப்பான கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்தேன். பதற்றம் வந்தால் எனக்கு எதையாவது பொரிக்க வேண்டும். பேராசிரியர்களுக்குக் கொடுக்கலாமே என்று டப்பாவில் அடுக்கும்போது மகள் பார்த்துவிட்டாள்.

“அம்மா, சோதினைக்கு முதல் குடுத்திடாதைங்கோ. லஞ்சம் எண்டு நினைக்கப்போகினம்.”

“ரோல்ஸுக்கு ஆரடி பட்டம் தருவினம்?” என்றேன்.

“உங்கட அம்மாவின்ர ரோல்ஸுக்குத்தான் நான் கலியாணம் கட்டினனான்,” என்றார் தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர். பிறகு என் பக்கம் திரும்பி, “நீர் பயப்பிடாதையும். என்னோட கதைக்கிற மாதிரி அவையோட கதையும், காணும். உம்மட வாயை ஆர் வெல்லுறது?”

“நீங்கள் சும்மா போங்கோ,” என்றேன். ஆனால் அந்த மனிதர் சொன்னதில் அன்றைக்குத் தேவையான முழுப் பாடமும் இருந்தது. எனக்குத்தான் அது விளங்கவில்லை.

மேசையின் அந்தப் பக்கம் இருந்த பேராசிரியர் நல்லவர். என் ஆய்வை ஆரம்பத்திலிருந்து பொறுமையாகப் படித்து வழிகாட்டியவர். இரண்டாம் பரீட்சகர் வேறொரு ஊரின் மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கும் பெண். அன்று அவருக்குக் கடும் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. சட்டைக் கைக்குள் ஒரு டிஷ்யூவைச் செருகி வைத்திருந்தார். அந்த அம்மாவின் நாற்காலியிலிருந்து தொடங்கி, நான் படங்கள் காட்டி விளக்கி முடித்தேன். பேராசிரியர் முன்னுக்குச் சாய்ந்தார்.

“பிற்பகலில் பணியாளர்கள் குறைவு. உங்கள் யோசனை நடைமுறைக்கு ஒத்துவராது.”

பதில் என் ஆய்வின் நடுப்பக்கத்திலேயே இருந்தது. ஆனால் பேசியவர் ஆசிரியர். நான் படித்த யாழ்ப்பாணத்துப் பள்ளியில் ஆசிரியர் ஒன்று சொன்னால் எழுந்து நின்று தலையாட்டி “ஓம் சேர்” என்போம், அவ்வளவுதான். இத்தனை வருட ஜேர்மனி அந்தக் கழுத்தை மட்டும் தொடவேயில்லை. என் தலை ஆடியது.

“ஓம், நீங்கள் சொல்வது சரி,” என்றேன் ஜேர்மன் மொழியில்.

“குடும்பத்தினர் வேலைக்குப் போகிறவர்கள். பிற்பகலில் அவர்களுக்கு வசதிப்படுமா?”

“அதுவும் சரிதான்.”

“அப்படியானால் பழையபடி காலையிலேயே விட்டுவிடலாமே?”

“விட்டுவிடலாம்,” என்றேன் பணிவாக.

அவர் பேனையை மூடி வைத்தார். எவ்வளவு மரியாதையான மாணவி என்று மகிழ்ந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் உங்களோடு வாதாட வந்திருக்கிறேன். நீங்களோ என்னோடு சேர்ந்துகொண்டு உங்கள் ஆய்வையே அடித்து வீழ்த்துகிறீர்கள். இப்படியே போனால் நான் எதற்குப் புள்ளி போடுவது?”

வெளியே பனி விழுவதென்று முடிவு செய்துவிட்டது. வருடக்கணக்காக ஹம்முக்கும் பீலெஃபெல்டுக்கும் இடையே ரயிலில் திறந்து மூடிய புத்தகங்களெல்லாம் அந்தப் பனியோடு சேர்ந்து விழுவதைப் போல் இருந்தது. நாவில் தமிழும் இல்லை, ஜேர்மனும் இல்லை.

அப்போது அந்தத் தடிமன் பிடித்த பெண் ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் தள்ளினார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

“பேராசிரியரைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்,” என்றார். “அவர் சொல்கிறபடியே விட்டுவிட்டால், நாளைக் காலை அந்த நாற்காலியில் யார் உட்காருவார்?”

கோட் போட்ட அந்த அம்மா எனக்குத் தெரிந்தார். மடியில் இறுகிய கைப்பை தெரிந்தது.

“இல்லை,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். “இல்லை. பேராசிரியர் சொல்வது சரியில்லை.”

பேராசிரியர் பேனையைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? பணியாளர் குறைவு என்றார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இரண்டு குழுவும் இல்லத்தில் இருக்கிறது என்றேன். குடும்பத்தினர் என்றார், காலையில் வந்து அரைநாள் காத்துக்கிடப்பதைவிட வேலையிலிருந்து சற்று முன்னதாகக் கிளம்பி வருவதையே விரும்பினார்கள், கேட்டுப் பார்த்தேன் என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று பேசுகிற அதே குரல் எப்படியோ வந்துவிட்டது. மேசையில் தட்டினேன். கடைசியில், “நீங்கள் ஒருநாள் காலையில் வந்து அந்த நாற்காலியில் இருந்து பாருங்கள், தெரியும்!” என்றும் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். அவரோ எதையோ எழுதிக்கொண்டே, “வருகிறேன்,” என்றார்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் ஒரு நாற்காலி. எப்போது கோட்டை மாட்டினேனோ தெரியாது. ரோல்ஸ் டப்பா இருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். யாரோ ஒருவர் கடந்து போனார். இன்னும் எவ்வளவு நேரம் என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன்.

கதவு திறந்தது. பேராசிரியர் கை நீட்டினார். தேறிவிட்டேன், அதுவும் நல்ல புள்ளியில்.

முதலில் ஏன் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். எங்களுக்கு ஆசிரியரை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்றேன். “எங்களுக்கு மறுக்காமல் இருப்பதுதான் அப்படி. அவர் சொன்னதைக் காதில் வாங்கவேயில்லை என்று ஆகிவிடும்,” என்றார்.

இனி லஞ்சம் ஆகாது என்ற துணிவில் டப்பாவைத் திறந்தேன். பேராசிரியர் ஒன்றை எடுத்து மெதுவாகக் கடித்தார். அந்தப் பெண் ஒன்று முடித்து இரண்டாவதையும் எடுத்தார். கண்ணில் நீர் வழிய, “மூக்கு திறந்துவிட்டது!” என்றார் மகிழ்ச்சியாக.

ரயில் நிலையத்திலிருந்து கணவரை அழைத்தேன்.

“என்னப்பா, பாஸோ?”

“ஓம், பாஸ். சண்டை பிடிச்சனான்.”

“ஆரோட?”

“பேராசிரியரோட.”

“ஐயோ பாவம், அந்த மனிசன்,” என்றார்.

இப்போது எங்கள் இல்லத்துக்குப் புதியவர்கள் பிற்பகலில்தான் வருகிறார்கள். நேரே கோப்பி மேசைக்கு, கேக்குக்கு, சீட்டாட்டத்துக்கு. அன்று கோட்டைக் கழற்றாமல் இருந்த அம்மாதான் பல நாட்களில் அவர்களுக்குக் கோப்பி ஊற்றுகிறார். அந்த நாற்காலி இன்னும் நடைபாதையில் இருக்கிறது. யாரோ அதில் ஒரு பூச்சாடி வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் எதையாவது உறுதியாகச் சொல்லும்போது என் தலை இப்போதும் தானாகவே ஆடத் தொடங்குகிறது. அந்த அம்மாவின் மடியில் இறுகியிருந்த கைப்பை நினைவுக்கு வந்து, அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.