வீட்டுக்குள்ளிருந்தே வந்த அப்டேட்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பங்காளியக்கா என்று பெயர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் வேலைக்கு எடுத்தார்கள். இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைப் பதிவு செய்யும் அலுவலகம் எங்களுடையது. இன்டர்நெட்டோ நத்தை வேகம். அப்டேட் வரும் நாளில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றாக அதை இழுத்தால் அன்றைய வேலை அம்போ. அக்கா வந்ததும் ஒரு ஏற்பாடு செய்தார். ஒரே ஒரு கம்ப்யூட்டர் வெளியிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளும். மற்றவை அதனிடமிருந்து உள்ளுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். பங்காளிகள் அடிதடி இல்லாமல் பிரித்துக்கொள்வது இந்த ஓர் இடத்தில்தான் என்று சொல்லிச் சிரிப்பார். பெயர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எந்த அப்டேட் எங்கிருந்து எங்கே போனது என்று பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. எந்த மாமியாரும் இப்படி வேவு பார்க்க மாட்டாள் என்று நான் கேலி செய்வேன். தனக்குத் தெரியாமல் ஒரு துரும்பு அசையாது என்பதில் அக்காவுக்கு அவ்வளவு பெருமை.

வீட்டிலும் இதே ஏற்பாடுதான். அங்கே இரண்டே இரண்டு. கூடத்தில் மகள் படிப்புக்கு ஒன்று, வீட்டுக்காரரின் லேப்டாப் ஒன்று. அவர் ஒரு கட்டட கம்பெனியில் மேனேஜர். காலையில் அக்காவுக்கு முன்பே லேப்டாப் பையோடு கிளம்பிவிடுவார். அக்கா வந்து சமையலை முடித்த பிறகுதான் திரும்புவார்.

பெரிய அப்டேட் ஒன்று வந்தது. லேப்டாப்பில் அது முன்பே இறங்கியிருந்தது. கூடத்துக் கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கவே இல்லை. இறங்கட்டும் என்று அதை அணைக்காமல் விட்டுவிட்டு அக்கா வேலைக்கு வந்தார். மாலையில் பார்த்தால் முடிந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று வழக்கம்போல் பார்த்தார். பெரும்பங்கு வீட்டு வைஃபையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து வந்திருந்தது. வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. லேப்டாப் அவரோடு ஆபீஸில்.

மேல்மாடிக் குடித்தனக்காரன் பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்று மறுநாள் அக்கா எங்களிடம் குதித்தார். பகலில் ரூட்டரைத் திறந்து பார்த்தால் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று அரைநாள் லீவு போட்டுக் கிளம்பினார். நாங்களும் நன்றாக ஏற்றிவிட்டு அனுப்பினோம்.

தன் சாவியால் கதவைத் திறந்தார். சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, காலில் ஷூ. எதிரில் லேப்டாப். பக்கத்தில், காலையில் அக்கா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் பாதி காலியாக இருந்தது.

உடம்பு சரியில்லையோ என்றுதான் அக்காவுக்கு முதலில் தோன்றியது. கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். பிறகு, ஷூவைப் பார்த்தபடியே, வேலை போய்விட்டது என்றார். மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டதாம். அக்கா பஸ் ஏறும்வரை தெருமுனையில் காத்திருப்பாராம். பிறகு வீட்டுக்கு வந்து, வேறு வேலை தேடி விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டு, மகள் பள்ளியிலிருந்து வருமுன் மறுபடி வெளியே போய்விடுவாராம்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

தெரியும் என்றார். அவருடைய அம்மாவுக்கு, தம்பிக்கு. அக்காவின் கூடப்பிறந்த அண்ணனுக்கு. அண்ணிக்கும்தான். அக்கா எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். போன வாரம்தான் அண்ணன் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு எப்போது என்று அக்கா அத்தனை பேர் முன்னாலும் கேட்டிருந்தார். ஒருத்தர் முகம்கூட மாறவில்லை.

"எனக்கு மட்டும் ஏங்க சொல்லல?"

"எல்லார் கண்ணுக்கும் நான் வேலையில்லாதவன் ஆயிட்டேன். நீ ஒருத்தியாவது டிபன் கட்டி ஆபீசுக்கு அனுப்பிட்டு இரு, அது போதும்னு விட்டுட்டேன்."

இதை என்னிடம் சொன்னபோதுகூட அக்கா அழவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லையாம். அடி விழுந்த இடம் எதுவென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

மகள் வரும் நேரம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் எழுந்து, டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

இருட்டியதும் மணி அடித்தது. மகள் பின்னாலேயே ஓடி வர, அக்கா போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்க. இன்னைக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?"

வார்த்தை தானாக வாயில் வந்ததாம். குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. இவ்வளவு சுலபமா எனக்கும் வருதே என்று அந்த இடத்திலேயே விறைத்து நின்றுவிட்டாராம்.

ஆமாம், ரொம்ப ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றக் குனிந்தார். மகள் கூப்பிட்டும் அவர் நிமிரவே இல்லை.