பாட்டிலைக் கழுவச் சொன்னவர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஆறு பிள்ளைகள். நாலாமவளுக்குச் சின்னதிலேயே சர்க்கரை, தினமும் ஊசி. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி அவள் மூத்திரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். சோதிக்கிற ஒல்லி மனிதர் அதைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார்.

“இன்னாம்மா, கலங்குது. பாட்டில கழுவலியா?”

“சாம்பல் போட்டுத் தேச்சேன்யா! என் வூட்டுப் பாத்திரத்த எவனும் குறை சொன்னதில்ல.”

எரிச்சலில், அடுத்த தடவை புதுப் பாட்டிலே வாங்கிப் போனேன். திரும்பத் திரும்பக் காய்ச்சினார், கலங்கியது.

“இதுவும் அழுக்கும்மா,” என்றார், என் முகத்தைப் பாராமல்.

கிட்னி கெட்டு, ரத்தத்துப் புரோட்டீன் மூத்திரத்தில் ஒழுகுவதால் வந்த கலங்கல் என்று பிறகு டாக்டர்தான் சொன்னார். மகள் பிழைக்கவில்லை. தெரிந்தே அந்த மனிதர் ஏன் பாட்டிலைத் திட்டினார்?

பேத்திப் பொண்ணே, எனக்குக் கண்ணு மங்கல், நான் எழுதினதப் படிச்சுக் காட்டுடி. பாட்டில் புதுசுன்னு எழுதியிருக்கேனா பாரு.